பின்னறையில் மூன்று தட்டு

அத்தியாயம் ஐந்து

பிற்பகல் நான்கு மணிக்கு அந்த நீர்மூழ்கியில் கொடி மாறும். நம் கடற்படையின் கொடி இறங்கும்; அதை வாங்க வந்திருக்கும் கடற்படையின் கொடி ஏறும். அதற்குள் அதன் பின்னறையில் இருக்கும் பேயை நான் பிடித்துக் கொடுத்தாக வேண்டும்.

"நாலு மணிக்கு மேல பிடிச்சா, பேய் யாருக்குச் சொந்தம் அத்தான்? நமக்கா, அவங்களுக்கா?" என்றான் மைத்துனன்.

அவன் என் மனைவியின் தம்பி. முப்பது வருடம் ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. நான் போலீஸ் புலனாய்வில் இருந்து வெளியே வந்து தனியாகத் துப்பறியத் தொடங்கிய நாளிலிருந்து, கூப்பிடாமலேயே கூட வருகிறான்.

கடற்படைத் தளத்தின் வாசலில் எங்கள் வண்டி நின்றபோது பதினொரு மணி. பத்தொன்பது வருடங்களாக எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்த வாசலை மிதித்ததில்லை. மிதிக்க நானும் விட்டதில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். என் அண்ணன் இதே நீர்மூழ்கியில் எலக்ட்ரீஷியன். பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு நாள் காணாமல் போனார். 'பணியிலிருந்து ஓடிப்போனவர்' என்று ஒரு கடிதம் வந்தது. ஒற்றை வரி. அந்த வரியோடுதான் நாங்கள் கல்யாணங்களுக்குப் போனோம், சாவுகளுக்குப் போனோம், கடைவீதியில் நடந்தோம். அண்ணி என் வீட்டு மாடியில் இருக்கிறார். எந்தப் படிவத்தை நீட்டினாலும் எல்லாவற்றையும் நிரப்புவார். 'கணவர்: உயிருடன் இருக்கிறாரா, இல்லையா' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவார். வீட்டுக்குக் காலிங் பெல் வைக்க விட மாட்டார். சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தால், கூடத்து நிலைக்கதவைத் தொடாதே என்பார். நான் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது?

வாசலில் காத்திருந்தவர் அந்த நீர்மூழ்கியின் இப்போதைய தலைமை எலக்ட்ரீஷியன். எல்லோரும் சீஃப் என்று கூப்பிட்டார்கள். என்னை வரவழைத்தவரும் அவர்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"சார், உங்க அண்ணன் வேலை பார்த்த அதே படகு. கூப்பிடலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்."

"கூப்பிட்டாச்சு. விஷயத்தைச் சொல்லுங்க."

காவலர் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பித்தளை டோக்கன் கொடுத்தார். ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது; நடுவில் எண், மேலே ஓட்டை.

"இதைத் தொலைச்சுடாதீங்க" என்றார் சீஃப். "இங்க ஆளைவிட டோக்கனுக்குத்தான் மதிப்பு. எங்க ஆளு தளத்துக்குள்ள இருந்தா, அவன் டோக்கன் வாசல் பலகையில தொங்கணும். கடலுக்குப் போனா படகுப் பலகையில தொங்கணும். ரெண்டுலயும் இல்லைன்னா, ஆள் வெளியூர் போயிட்டான்னு அர்த்தம்."

"செத்துட்டா?" என்றான் மைத்துனன்.

"செத்தாலும் டோக்கனைக் கணக்கு காட்டித்தான் சார் சாகணும்."

அப்போது என் கைபேசி அடித்தது. என் சம்பந்தி.

அவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அண்ணன் காணாமல் போனபோது இந்த நீர்மூழ்கிக்கு அவர்தான் கேப்டன். 'ஓடிப்போனவன் வீடு' என்று நாலு இடத்தில் என் மகளுக்கு வரன் தட்டிப்போனது. பதினோரு வருடங்களுக்கு முன் அவரே என் வீட்டுப் படியேறி வந்தார். "உங்க பொண்ணை என் பையனுக்குக் கொடுங்க" என்றார். நான் யாரிடமும் குனிந்தவன் இல்லை. அன்று அவருக்கு மட்டும் மனத்துக்குள் குனிந்தேன்.

"சம்பந்தி, நீங்க அந்தப் படகுக்குப் போயிருக்கிறதா கேள்விப்பட்டேன்" என்றார். "எதுக்கு பழைய புண்ணைக் கிளறிக்கிட்டு? இரும்புன்னா சத்தம் போடத்தான் செய்யும். வீட்டுக்குப் போங்க. நாலு மணி விழாவுக்கு நான் வரேன், நான் பாத்துக்கறேன்."

"வந்துட்டேன் சம்பந்தி. பாத்துட்டுப் போறேன்."

கைபேசியை மூடினேன். மைத்துனன் தலையைச் சொறிந்தான்.

"அத்தான், நாம இங்க வந்தது நமக்கே காலையிலதான் தெரியும். அவருக்கு யார் சொன்னா?"

சீஃப் தரையைப் பார்த்தார். "யாராவது பின்னறையில கை வைக்கப் போறாங்கன்னா சொல்லுன்னு கேட்டிருந்தார் சார். பெரியவர். மாட்டேன்னு சொல்ல முடியலை."

*

நீர்மூழ்கி துறையோடு ஒட்டிக் கிடந்தது. கறுப்பு முதுகு மட்டும் தண்ணீருக்கு மேலே. துறையில் வாங்க வந்த கடற்படையின் மாலுமிகள் இருபது பேர் படுக்கைப் பைகளோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே தூங்க மாட்டார்களாம். அவர்களுடைய அதிகாரி, நாற்பது வயது இருக்கும் ஒரு பெண்மணி, கையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க" என்றான் மைத்துனன். "முப்பது வயசுல ரெண்டாம் கல்யாணம். பொண்ணுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னா யார்தான் தாலி கட்டுவா?"

"எங்க ஆளுங்க இந்தப் படகுக்கு வச்ச பேரு அத்தை" என்றார் சீஃப், ஏணியில் இறங்கிக்கொண்டே. "தண்ணிக்கு மேல இருந்தா டீசல் இன்ஜின் ஓடும். ஒரே இரைச்சல், ஒரே புகை. அப்பத்தான் பேட்டரி நிரம்பும். கீழ போயிட்டா பேட்டரிதான். மூச்சு விடற சத்தம்கூட வராது."

"எங்க அத்தை நேர் எதிர்" என்றான் மைத்துனன்.

உள்ளே ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். இருபக்கமும் குழாய்கள், சக்கரங்கள், ஒயர்கள். எண்ணெயும் வேர்வையும் பழைய இரும்பும் கலந்த வாடை. இரண்டு தடித்த வட்டக் கதவுகளைக் குனிந்து தாண்டினோம். மூன்றாவது கதவுக்குப் பின்னால் பின்னறை. நான் அந்தக் கதவின் விளிம்பில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. அண்ணன் எத்தனை தடவை இதைத் தாண்டியிருப்பார்?

"இந்தத் தரைக்குக் கீழ பேட்டரி இருக்கு சார்" என்றார் சீஃப். "ஓடற இன்ஜின்ல பேட்டரி ஏறும்போதுதான் சத்தம் வரும். போடச் சொல்லட்டுமா?"

அவர் குழாய் வழியாகக் குரல் கொடுத்தார். முன்பக்கம் டீசல் இன்ஜின் இருமி, செருமி, ஓடத் தொடங்கியது. தரை அதிர்ந்தது. நாங்கள் மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

டொக். டொக். டொக்.

நின்றது. பத்து எண்ணினேன்.

டொக். டொக். டொக்.

விரல் முட்டியால் தட்டுவது போலவே இருந்தது. அவசரமில்லாத தட்டு. உள்ளே ஒருவர் நிதானமாக இருந்து, யோசித்து, மறுபடி தட்டுவது போல.

மைத்துனன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், என் தொழில்ல ஒரு விதி உண்டு. செத்தவங்க திரும்பி வந்தா பாலிசியை ரத்து பண்ணிடலாம்."

"மூணு தட்டுறதுதான் சார் பிரச்சினை" என்றார் சீஃப். "நீர்மூழ்கியில கதவு மூடியிருந்தா தட்டித்தான் பேசுவோம். எந்த நாட்டுப் படகா இருந்தாலும் ஏதோ ஒரு முறை இருக்கும். எங்க முறையை அவங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கோம். ஒரு தட்டுன்னா, உள்ள ஆள் இருக்கேன். ரெண்டு தட்டுன்னா, கதவைத் திற."

"மூணு?"

"திறக்காதே."

இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். இரைச்சலோடு தட்டலும் நின்றது.

"பேய்க்கு டீசல் எதுக்கு?" என்றேன். "இன்ஜின் நின்னா பேய் ஏன் நிக்குது? அந்த இன்ஜின்ல ஏதோ ஒரு சிலிண்டர் சரியில்லை, சரியா?"

சீஃப் விழித்தார். "ஆமா சார். நாலாவது. அடிக்கு அடி கொஞ்சம் விட்டு விட்டு உதறும்."

"அந்த உதறல்ல ஏதோ ஒண்ணு ஆடுது. எப்போலேர்ந்து?"

"மூணு வாரமா. வாங்க வந்தவங்க கேட்டாங்கன்னு இங்க இருந்த பெரிய அலமாரியைக் கழட்டினோம். உதிரி சாமானெல்லாம் அதுலதான் இருந்தது. அப்புறம்தான்..."

அறையின் நடுவில் ஒரு தகட்டுப் பெட்டி நின்றது. ஆள் உயரம், ஒரு முழ அகலம். அதைச் சுற்றிப் போக நான் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது. மைத்துனன் திரும்பவில்லை; இடுப்பில் இடித்துக்கொண்டான்.

"இது என்ன?"

"உள்ள ஒரு தூண் இருக்கு சார். தூணைச் சுத்தித் தகடு. தகட்டுல அலமாரி மாட்டியிருந்தது. நான் வந்து பத்து வருஷம் ஆச்சு, அன்னிலேர்ந்து இங்கதான். இதுல இடிச்சுக்காத இடுப்பு இந்தப் படகுல கிடையாது."

நான் அறையை மறுபடி ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். ஒரு சாண் இடத்துக்கு அடித்துக்கொள்ளும் கப்பல். ஸ்பானருக்கும் சட்டைக்கும் சுவரிலேயே இடம் செய்தவர்கள். அவர்கள் நடுவழியில், எல்லோரும் இடித்துக்கொள்ளும் இடத்தில், ஓர் அலமாரியை வைத்தார்களா?

"சீஃப், சாமான் வைக்கிறதுக்காக இந்த அலமாரி வரலை. எதையோ மறைக்க வந்திருக்கு."

இடது சுவரில், என் மார்பு உயரத்தில், ஒரு சிறு கொக்கி இருந்தது. அதில் விரல் நீளத்துக்கு வெளுத்த நைலான் நூல், நுனி வெட்டப்பட்டு. வலது சுவரில் அதே உயரத்தில் இன்னொரு கொக்கி, இன்னொரு துண்டு நூல். இரண்டுக்கும் நடுவே மனத்துக்குள் கோடு இழுத்தேன். கோடு தகட்டுப் பெட்டியின் வழியாகப் போனது.

"துணி காயப்போட்டாங்களோ?" என்றான் மைத்துனன்.

சீஃப் முதல் முறையாகச் சிரித்தார். "இது எங்க பழைய விளையாட்டு சார். கடலுக்குள்ள ஆழமா போகப் போக, தண்ணி நாலா பக்கமும் அழுத்தும். கப்பல் உடம்பே கொஞ்சம் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது. அதுக்காக மேல இருக்கும்போதே சுவருக்குச் சுவர் விறைப்பா ஒரு நூல் கட்டி, நடுவுல ஏதாவது ஒரு கனம் தொங்க விடுவோம். நட்டு, போல்ட்டு, கையில கிடைச்சது. ஆழம் போகப் போக சுவர் கிட்ட வரும், நூல் தொய்யும், கனம் இறங்கும். எவ்வளவு இறங்குச்சுன்னு பக்கத்துல தூண்ல கீறி வைப்போம். புதுசா வர்ற பசங்க அதைப் பாத்தா ஏணியைத் தேடுவாங்க."

"எந்தத் தூண்ல?"

சிரிப்பு நின்றது. அவர் தகட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

"இதை மாட்டச் சொன்ன உத்தரவு எங்க இருக்கும்?"

சீஃப் முன்பக்கம் ஓடினார். திரும்பி வந்தபோது கையில் தடித்த பராமரிப்புப் பதிவேடு. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர், நடு வழியில் நின்றுவிட்டார். பிறகு அதை என்னிடம் நீட்டாமல், விரித்தபடி ஒரு குழாயின் மேல் வைத்தார்.

பின்னறைத் தூணைத் தகடு கொண்டு மூடி அலமாரி பொருத்தவும். அவசரம். பத்தொன்பது வருடங்களுக்கு முந்தைய தேதி. அண்ணன் காணாமல் போன நாளுக்கு மறுநாள். கீழே கேப்டனின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். என் மகளின் கல்யாணப் பதிவில், என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மைத்துனன் எட்டிப் பார்த்தான். "வேணாம் அத்தான். பேயைப் பிடிச்சாச்சு, ஏதோ ஆடுதுன்னு சொல்லிட்டு இறங்கிடலாம். உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டா, அப்புறம் பாக்காத மாதிரி இருக்க முடியாது" என்றான்.

"ஸ்க்ரூ டிரைவர் இருக்கா, சீஃப்?" என்றேன்.

*

பன்னிரண்டு திருகாணிகள். பதினொன்று கழன்றதும் தகடு தானாகச் சாய்ந்தது.

தூணின் பிடிப்பு வளையத்தில் ஒரு நூல் சிக்கிக் கிடந்தது. அதன் முனையில் ஒரு பித்தளை டோக்கன் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் தகட்டைத் தட்டியது அதுதான். அலமாரியும் அதிலிருந்த சாமானும் அழுத்திக்கொண்டிருந்தவரை தகடு பேசவில்லை. பாரம் போனதும் பேசிவிட்டது.

சீஃப் அதைத் திருப்பிப் பிடித்தார். ஐம்பத்தேழு.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த எண் தெரியும். அந்த ஒற்றை வரிக் கடிதத்தில் அண்ணனின் பெயருக்கு முன்னால் இருந்த எண் அது. 'எண் 57, வாசல் பலகையிலும் இல்லை, படகுப் பலகையிலும் இல்லை, ஆகவே பணியிலிருந்து ஓடிப்போனவர்.'

"வாசல் பலகையில இல்லை, படகுப் பலகையில இல்லை" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "மூணாவதா ஒரு இடம் இருக்குன்னு யாரும் நினைக்கலை. சட்டைப் பை. படகுப் பலகை எங்க இருக்கு சீஃப்?"

"முன் ஏணிக்கிட்ட சார்."

"கடைசி நிமிஷத்துல ஓடி வந்தவன், இந்தப் பின் மூடி வழியா ஏறினா?"

சீஃப் மேலே பார்த்தார். எங்கள் தலைக்கு மேலேயே பின் மூடியும் ஏணியும். "முன்னாடி போய் மாட்ட நேரம் இருக்காது. பாக்கெட்லயே இருக்கும். நூலுக்குக் கனம் வேணும்னா..."

"ஓடிப்போனவர் படகுக்குள்ள வந்து நூல் கட்ட மாட்டார்" என்றான் மைத்துனன். இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை.

நான் கைவிளக்கைத் தூணின் மேல் அடித்தேன். இடப்பக்கம் மேலிருந்து கீழாகக் கீறல்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆழத்தின் எண். ஐம்பது, நூறு, நூற்றைம்பது, இருநூறு, இருநூற்றைம்பது. கீறல்கள் நேர்க்கோடு அல்ல. ஒவ்வொன்றும் மீன் வால் போல முனையில் இரண்டாகப் பிரிந்திருந்தது.

அண்ணன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் மகளைக் கூடத்து நிலைக்கதவில் நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் மீன் வால் போடுவார். "கோடு போட்டா வளர்ச்சி அங்கேயே நின்னுடும். வால் போட்டா நீந்திக்கிட்டே மேல போகும்" என்பார். ஏழு வால்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அண்ணி எதற்காக அந்தக் கதவைச் சுண்ணாம்பிலிருந்து காப்பாற்றி வந்தார் என்பது, கடலுக்குள் போகும் ஒரு இரும்புக் குழாயில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

"இந்தப் படகுக்கு எவ்வளவு ஆழம் வரைக்கும் அனுமதி?"

"முன்னாடி இருநூத்தைம்பது மீட்டர். பத்தொன்பது வருஷம் முந்தி ஒரு சோதனை ஓட்டத்துல முந்நூறு தாங்கும்னு சான்றிதழ் வாங்கிட்டாங்க. இவங்க வாங்கறதே அதை நம்பித்தான்."

இருநூற்றைம்பதுக்கும் கீழே, நாலு விரல் தள்ளி, இன்னொரு வால் இருந்தது. முந்நூறு. ஆழமாக, அவசரமாகக் கீறப்பட்டது. அதற்குக் கீழே இடப்பக்கம் எதுவும் இல்லை.

"வலப்பக்கமும் இருக்கு அத்தான்" என்றான் மைத்துனன்.

தூணின் வலப்பக்கத்தில் கீழிருந்து மேலாக ஒரு வரிசை. படகு மேலே ஏற ஏறப் போட்டவை. இருநூற்றைம்பது. இருநூறு. நூற்றைம்பது. நூறு. வால்கள் போகப் போகச் சிறுத்தன. அறுபது என்ற இடத்தில் ஒரே ஒரு கோடு. வால் பிரியவில்லை. அதற்கு மேல் தூண் வழவழவென்று இருந்தது.

வெளியே துறையில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது.

"அவர் உயிர் உடனே போயிடலை" என்று வட்டக் கதவிலிருந்து ஒரு குரல் வந்தது. "உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு, இல்லையா சம்பந்தி?"

*

என் சம்பந்தி விழாவுக்கான வெள்ளைச் சீருடையில் இருந்தார். மார்பில் பதக்கங்கள். கதவுக்கு அந்தப் பக்கமே நின்றார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"சொல்லுங்க" என்றேன்.

"முந்நூறு போய்ட்டு வந்தா இவளுக்கு இன்னும் இருபது வருஷம் ஆயுசு கொடுக்கறதா சொன்னாங்க. நான் போனேன். அனுமதி எழுத்துல இல்லை. என் ஆளு ஒருத்தனுக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலா உங்க அண்ணன் கடைசி நிமிஷம் பின் மூடி வழியா ஏறினார். பட்டியல்ல பேரே இல்லை. பின்னறையில அவரும் ஒரு மெக்கானிக்கும் மட்டும்; அவர் ஏறினது எங்க மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும். முந்நூறுல இந்தச் சுவர் ஓரமா தண்ணி பீச்சியடிச்சுது."

"தரைக்குக் கீழ பேட்டரி."

"உப்புத்தண்ணி பேட்டரியில பட்டா விஷப்புகை. அவர் எலக்ட்ரீஷியன், எனக்கு முந்தி அவருக்குத் தெரியும். மெக்கானிக்கைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டு, கதவை உள்பக்கமா மூடிட்டார். நான் ஓடி வந்து இதோ இங்க நின்னேன். தட்டினேன். ஒவ்வொரு ஐம்பது மீட்டருக்கும் தட்டிக் கேட்டேன். மூணு தட்டினார். திரும்பத் தட்டினேன். மூணு. அந்தப் பக்கம் முப்பத்தோரு பேர் இருந்தோம் சம்பந்தி. ஐம்பதுல தட்டினேன். பதில் வரலை."

"மேல வந்ததும்?"

"மெக்கானிக்கும் நானும் முகமூடி போட்டுக்கிட்டு உள்ள வந்தோம். மழை. பின் மூடி வழியாவே எடுத்துட்டுப் போய்க் கடலுக்குக் கொடுத்தோம். சல்யூட் அடிச்சேன்."

"சல்யூட் அடிச்ச கையால ஓடிப்போனான்னு எழுதினீங்க."

அவருடைய பதக்கங்கள் லேசாகக் குலுங்கின. "டோக்கன் ரெண்டு பலகையிலும் இல்லை. வழி தானா திறந்த மாதிரி இருந்தது. எழுத்துல அனுமதி இல்லாம இறக்கி ஆள் செத்தது தெரிஞ்சா எனக்குக் கோர்ட்; தண்ணி வந்ததை மறைச்சு, தாங்கும்னு சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டேன். இந்தக் கீறலைத் தேய்ச்சு அழிக்க வந்தேன். அந்த வாலெல்லாம் பாத்ததும் கை வரலை. அதான் நூலை மட்டும் அறுத்துட்டு மூடினேன்; அதுல என்ன தொங்குச்சுன்னு பாக்கலை. உங்க வீட்டுப் பொண்ணைக் கேட்டு வந்ததும்..."

"அதைச் சொல்லாதீங்க" என்றேன்.

பதினோரு வருடம் இந்த மனிதரின் பெருந்தன்மைக்கு நான் நன்றியோடு இருந்தேன். தீபத்தை ஏந்துவது போல அந்த நன்றியை ஏந்தியிருந்தேன்.

"சம்பந்தி, உங்க பொண்ணு என் வீட்ல இருக்கா. ரெண்டு பேரப்பசங்க. நாளைக்கு அவங்களைப் பாத்து 'பொய்க் கையெழுத்துக்காரன் வீடு'ன்னு ஊர் சொல்லும். ஒரு பேர் எப்படிச் சுமையாகும்னு உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். அந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் மாடியில் இருக்கும் அண்ணி ஒருவர்தான்.

"அத்தான்" என்றான் மைத்துனன் மெல்ல. "வெளியே இருபது பேர் படுக்கையோட உக்காந்திருக்காங்க. அந்தச் சான்றிதழை நம்பி முந்நூறு போவாங்க. அவங்களுக்கும் வீட்ல யாராவது இருப்பாங்க இல்லையா."

நூலிலிருந்து டோக்கனை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, அண்ணனின் முடிச்சு எப்போதும் அப்படித்தான். அதைச் சம்பந்தியின் உள்ளங்கையில் வைத்தேன்.

"எங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் ஓடிப்போனதில்லை. என் மகள் இப்ப உங்க குடும்பம். உங்க குடும்பத்துலயும் யாரும் ஓடிப்போக வேணாம். இதை எங்க மாட்டணும்னு உங்களுக்குத் தெரியும். நீங்களே மாட்டுங்க. நான் மாட்டினா அது வெறும் துப்பு. நீங்க மாட்டினாதான் மரியாதை. அவருக்கும் சரி, உங்களுக்கும் சரி."

அவர் அந்த ஐம்பத்தேழை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். பிறகு திரும்பி, அந்தக் குறுகிய வழியில் முன்பக்கம் நோக்கி நடந்தார். ஒவ்வொரு வட்டக் கதவிலும் குனிந்தார். நாங்கள் பின்னால் போனோம். முன் ஏணியின் அடியில் பலகை. அதில் ஐம்பத்தேழாவது ஆணி காலியாக இருந்தது. பத்தொன்பது வருடங்களாக அந்த எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லையாம். ராசியில்லாத எண் என்று சீஃப் சொன்னார்.

சம்பந்தி டோக்கனை மாட்டினார். ஓரடி பின்னால் நகர்ந்து, விறைத்து, சல்யூட் அடித்தார். பிறகு ஏணியேறி, வெயிலில், வாங்க வந்த அதிகாரியின் முன்னால் போய் நின்றார்.

"இந்தப் படகு முந்நூறு தாங்காது அம்மா" என்றார். "சான்றிதழ்ல இருக்கற கையெழுத்து என்னோடது. அது பொய்."

அந்தப் பெண்மணி கட்டியிருந்த கையை அவிழ்த்தார். தன் ஆட்களைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். இருபது பேரும் எழுந்து, படுக்கைப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, துறையைவிட்டு நடந்தார்கள்.

நான்கு மணிக்குக் கொடி மாறவில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. மைத்துனன் தட்டக் கையை ஓங்கி, ஓங்கியபடியே நிறுத்தி, என்னைப் பார்த்தான். நான் கதவைத் தள்ளித் திறந்தேன்.

அண்ணி கூடத்தில், அந்த நிலைக்கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் மகள் ஏற்கெனவே ஃபோன் செய்திருக்கிறாள். அழுதாளாம். பிறகு, "உங்களைப் பாக்க நாளைக்குப் பசங்களோட வரேன் பெரியம்மா" என்றாளாம். "மாமா ரெண்டு மாடி ஏறி வந்து என்கிட்ட மன்னிப்பு கேட்டார்" என்றும் சொன்னாளாம்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எங்கள் அண்ணன் முப்பத்தோரு உயிருக்காகக் கதவை மூடியவர் என்று சொல்லும்போது என் முதுகு தானாக நிமிர்ந்தது. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு நிமிர்ந்தது. நாளைக்கே கடிதம் வரும், அந்த ஒற்றை வரி போய்விடும், தெருவில் யாரும் இனி ஒரு சொல் சொல்ல முடியாது என்றேன்.

அண்ணி கேட்டுக்கொண்டார். மடியில் ஏதோ ஒரு படிவம் இருந்தது. பேனாவைத் திறந்து, எப்போதும் விட்டுவிடும் அந்தக் கட்டத்தை நிரப்பினார். மையை ஊதிக் காயவைத்தார்.

"கேப்டன் தட்டினப்போ, இவர் மூணுதான் தட்டினாராமா?"

"ஆமா அண்ணி. கடைசி வரைக்கும் மூணுதான்."

அவர் வாசல் கதவைப் பார்த்தார். பெல் வைக்க விடாத கதவு.

"வீட்டுக்கு வந்தா ரெண்டுதான் தட்டுவார்" என்றார். "ஒரே ஒரு தடவை ரெண்டு தட்டியிருக்கலாம்."